வாங்கியது நாம், சாவி யாரிடம்? டிஜிட்டல் பூட்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற ஊரில் எங்களுக்கு ஒரு சின்னக் கடை. ஜெராக்ஸ், பிரிண்ட், மொபைல் சர்வீஸ், கம்ப்யூட்டர் வேலை எல்லாம் ஒரே இடத்தில். பாம்பன், தங்கச்சிமடம், வேதாளை, பெரியபட்டினம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து ஆட்கள் வருவார்கள், கீழக்கரையிலிருந்தும் வருவதுண்டு. ரிப்பேர் என்று கொண்டுவரும் சாமான்களில் சிலவற்றைப் பார்த்தால் பழுது எதுவுமே இருக்காது. போன் நன்றாக இருக்கும், டிவி நன்றாக இருக்கும், ஆனால் படம் ஓடாது, புத்தகம் திறக்காது. உள்ளே இருக்கும் பூட்டுதான் காரணம் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். "காசு கட்டித்தானே வாங்கினேன்?" என்பார்கள். நியாயமான கேள்வி. அதற்காகத்தான் இதை உட்கார்ந்து எழுதினேன்.

நான் வக்கீல் இல்லை. சட்டம் பற்றி இங்கே இருப்பது, சட்டத்தைப் படித்து நான் புரிந்துகொண்டது. வழக்கு என்று வந்தால் வக்கீலைப் பாருங்கள்.

டிஜிட்டல் பூட்டு, டி.ஆர்.எம். என்கிறார்களே, அது என்ன?

பாட்டையோ படத்தையோ புத்தகத்தையோ சங்கேதமாக மாற்றிப் பூட்டிவிடுவார்கள். திறக்கும் சாவியை உங்கள் கையில் தரமாட்டார்கள். அது நீங்கள் பயன்படுத்தும் ஆப்புக்குள்ளோ போனின் சிப்புக்குள்ளோ ஒளிந்திருக்கும். இந்த ஆள்தானா, இந்தக் கருவிதானா, இந்த நாடுதானா, தேதி தாண்டவில்லையே என்று பூட்டு சரிபார்த்துக்கொண்டுதான் திறக்கும். எத்தனை போனில் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், பிரிண்ட் எடுக்கலாமா, அடுத்தவருக்குக் கொடுக்கலாமா என்ற கட்டளை எல்லாம் அதிலேயே எழுதப்பட்டிருக்கும்.

பழைய பட்டன் போன் காலத்து ஆட்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். காசு கொடுத்து இறக்கிய ரிங்டோனை ப்ளூடூத்தில் சிநேகிதனுக்கு அனுப்பப் பார்த்தால், அனுப்ப முடியாது என்று வரும். அதுவும் இந்தக் குடும்பம்தான்.

பதிப்புரிமைச் சட்டமும் இந்தப் பூட்டும் ஒன்றுதானே?

இல்லை. ஒரே ஒரு பதிலைப் படிக்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நம் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டுச் சட்டம். எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் படம் எடுத்தவருக்கும் உரிமை கொடுக்கிறது. கொடுக்கும்போதே எல்லையும் போடுகிறது. எழுத்தாளர் காலமான பிறகு 60 ஆண்டு, திரைப்படமும் ஒலிப்பதிவும் வெளியான பிறகு 60 ஆண்டு, அவ்வளவுதான். ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் 2015-இல் மறைந்தார். அவர் தனியாக எழுதியவற்றுக்கு 2075 முடியும்வரை உரிமை இருக்கும். அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அந்த 60 ஆண்டுக்குள்ளும் 52-ஆம் பிரிவு பொதுஜனத்துக்கு நிறைய இடம் விட்டிருக்கிறது. சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், செய்தி, வகுப்பறைப் பாடம், ஊனமுற்றோருக்கான வடிவம் என்று அந்தப் பட்டியல் நீளமானது.

பூட்டுக்கு இதெல்லாம் தெரியாது. கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் உமறுப்புலவர் எழுதத் தொடங்கிய சீறாப்புராணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முந்நூறு வருடம் தாண்டிய நூல். அந்தச் செய்யுளுக்கு இன்றைக்கு யாரும் பதிப்புரிமை கோர முடியாது. ஆனால் ஒரு கடை அதை மின்நூலாக்கிப் பூட்டுப் போட்டு விற்றால், உங்கள் பிள்ளை பள்ளிக் கட்டுரைக்கு நாலு வரி எடுக்க முடியாமல் போகலாம். சட்டம் 60 ஆண்டில் விலகிக்கொள்ளும். பூட்டுக்குள் அந்தத் தேதியை யாரும் எழுதிவைப்பதில்லை. சட்டம் நமக்குக் கொடுத்ததை ஒரு கம்பெனியின் சாஃப்ட்வேர் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறது. என் ஆதங்கம் முழுவதும் இதில்தான்.

புரொஜெக்டரில் போட்டால் சத்தம் வருகிறது, படம் கறுப்பாக இருக்கிறது. புரொஜெக்டர் போச்சா?

போகவில்லை. எனக்கே நடந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் அல்லவா, விசைப்படகு வைத்திருக்கும் என் மாமா அந்த இரண்டு மாதமும் வீட்டில்தான் இருப்பார். பிள்ளைகளுக்காகப் பழைய புரொஜெக்டர் ஒன்று வாங்கி, மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி கட்டி, பாய் விரித்து, ஓடிடி சந்தாவும் கட்டி வைத்திருந்தார். லேப்டாப்பில் படம் ஓடுகிறது. கேபிளைச் செருகினால் வசனம் கேட்கிறது, வேட்டியில் ஒன்றுமில்லை. மூன்று கேபிள் மாற்றினேன். லேப்டாப்பில் இருந்த எங்கள் வீட்டுக் கல்யாண வீடியோவைப் போட்டால் பளிச்சென்று தெரிந்தது. அப்போதுதான் கருவியில் குறையில்லை என்று புரிந்தது.

எச்.டி.சி.பி. என்று ஒரு பூட்டு. எச்.டி.எம்.ஐ. கேபிளின் இந்த முனையும் அந்த முனையும் ஒன்றுக்கொன்று அடையாளம் சொல்லிக்கொள்ள வேண்டும். பழைய புரொஜெக்டருக்கும் மலிவான கன்வெர்ட்டருக்கும் அந்த அடையாளம் சொல்லத் தெரியாது. உடனே படத்தை நிறுத்திவிடும். இந்தப் பூட்டின் மூலச் சாவியே 2010-இல் இணையத்தில் வெளியாகிவிட்டது. திருட்டுக் காப்பி எடுக்கிறவனை இது நிறுத்தவில்லை. என் மாமாவின் மொட்டை மாடியைத்தான் நிறுத்தியது. வாங்குவதற்கு முன்னால் எச்.டி.சி.பி. உண்டா என்று பெட்டியில் பாருங்கள். கன்வெர்ட்டர் இல்லாமல் நேராக எச்.டி.எம்.ஐ. கேபிளில் இணையுங்கள்.

அப்புறம், வீட்டு மாடி வேறு, சங்கக் கட்டடம் வேறு. ஊரைக் கூட்டிப் போடுவதற்கு வீட்டுச் சந்தா போதாது, உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும்.

எச்.டி.க்குக் காசு கட்டியும் போனில் மங்கலாகவே தெரிகிறதே?

பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் கூகுளின் வைட்வைன் என்ற பூட்டு இருக்கிறது. அதில் எல்1, எல்3 என்று தரம் உண்டு. சாவியைச் சிப்புக்குள்ளேயே பத்திரமாக வைத்திருக்கும் போனுக்கு எல்1. சாஃப்ட்வேரில் மட்டும் வைத்திருந்தால் எல்3. எல்3 போனுக்குப் பல ஓடிடி ஆப்புகள் எச்.டி. கொடுக்காது. திரை நன்றாக இருந்தாலும், நெட் வேகமாக இருந்தாலும் கொடுக்காது. விலை குறைந்த சில போன்களில் இது நடக்கிறது. டிஆர்எம் இன்ஃபோ என்று பிளே ஸ்டோரில் ஆப் இருக்கிறது, போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பெரிய சந்தா கட்டுவதற்கு முன்னால் பாருங்கள், வீண் காசு மிச்சம்.

துபாயில் வாங்கியது இங்கே ஓடவில்லையே?

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி வராத மாதம் கிடையாது. வளைகுடாவிலிருந்து திரும்பிய காக்கா (அண்ணன்) ஒருவர் பை நிறைய டிவிடி கொண்டுவந்தார், எல்லாம் கடையில் காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல். இங்கே வாங்கிய பிளேயரில் போட்டால் 'ரீஜன் எரர்'. உலகத்தைத் துண்டு போட்டு டிவிடிக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். வளைகுடா நாடுகள் 2. இந்தியா 5. சிங்கப்பூரும் மலேசியாவும் 3. வெளிநாடு போய்ச் சம்பாதிக்கும் சபுராளி வீடுகளில் மூன்று எண்ணும் ஒரே அலமாரியில் இருக்கும்! திருட்டு டிவிடிக்கு இந்த எண் தொல்லையே கிடையாது, எங்கும் ஓடும். ஒழுங்காகக் காசு கொடுத்தவருக்குத்தான் தண்டனை. எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர்கள் உண்டு, அதைத்தான் அவருக்கு வாங்கிக் கொடுத்தேன்.

ஓடிடியிலும் இதே கதை. அங்கே வாங்கிய உரிமை அந்த நாட்டுக்கு மட்டும் என்று ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். சந்தா உங்களுடன் ஊருக்கு வரும், படங்களின் பட்டியல் வராது. ஊருக்கு நிரந்தரமாகத் திரும்புவதாக இருந்தால், வருடச் சந்தாவை அங்கே புதுப்பிக்க வேண்டாம்.

டவுன்லோட் செய்த பாட்டு கடலில் ஓடுமா?

ஓடும், குறிப்பிட்ட நாள்வரை. ஸ்பாட்டிஃபை போன்ற ஆப்பில் 30 நாளுக்கு ஒரு தடவையாவது நெட்டில் இணைய வேண்டும், இல்லையென்றால் இறக்கிய பாட்டு பூட்டிக்கொள்ளும். இரவு போய் மறுநாள் கரை சேரும் படகில் தொல்லை இல்லை. நாள்கணக்கில் தங்கித் தொழில் செய்யப் போகிறவர்கள், சிக்னல் இருக்கும்போதே ஆப்பைத் திறந்து ஒரு பாட்டை ஓடவிட்டுப் போங்கள். அந்தக் கோப்பை மெமரி கார்டில் எடுத்து வேறு போனில் போட்டுத் தரச் சொல்லிக் கேட்காதீர்கள், அது முடியாது.

படகு ஜிபிஎஸ் கெட்டுப்போய்ப் புதுசு வாங்கினோம். பழைய வரைபடக் கார்டு திறக்கவில்லை. ஏன்?

பாட்டு, படம் இல்லாத இடத்திலும் இந்தப் பூட்டு இருக்கிறது என்பதற்கு இது நல்ல உதாரணம். கடல் வரைபடமும் பதிப்புரிமை உள்ள படைப்புதான். விற்கும் கம்பெனிகள் அதைப் பூட்டி, பல சமயம் ஒரே கருவியோடு கட்டிப்போடுகின்றன. கார்டை அப்படியே காப்பி எடுத்தாலும் ஓடாது. பெரிய கப்பல்களுக்கான அதிகாரபூர்வ மின்வரைபடங்களுக்கு எஸ்-63 என்று சர்வதேச முறையே இருக்கிறது. ஒவ்வொரு கப்பலின் கருவிக்கும் தனிச் சாவி. அங்கே பூட்டுக்கு நல்ல காரணமும் உண்டு. யாரோ திருத்திய போலி வரைபடம் உள்ளே புகுந்துவிடக் கூடாது என்று வரைபடத்தின் டிஜிட்டல் கையொப்பத்தைக் கருவி சரிபார்க்கும். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் நம் படகுக்காரர் இழப்பது வரைபடத்தை மட்டும் இல்லை. அவர் வருஷக்கணக்காகப் போட்டு வைத்த பாயின்ட்கள் பழைய மெஷினுக்குள் கிடக்கின்றன. எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) மீன் கிடக்கும், எங்கே வலை மாட்டும், எல்லை நெருங்குவதற்கு முன் எங்கே திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அந்த எண்களில் இருக்கிறது. சில அவருடைய அப்பா காலத்து இடங்கள். முன்பு கரையில் தெரியும் கோபுரத்தையும் பனையையும் அடையாளம் வைத்துச் சொன்னதை ஜிபிஎஸ் வந்ததும் எண்ணாக மாற்றிக்கொண்டார்கள். அது கம்பெனியின் சொத்து இல்லை, உங்கள் சொத்து. பெரும்பாலான மெஷின்களில் பாயின்ட்களை மட்டும் தனியாக மெமரி கார்டுக்கு எடுக்கலாம், ஜிபிஎக்ஸ் கோப்பாக வரும். உப்புக் காற்றில் மெஷின் சாவதற்கு முன்னால் எடுத்து வையுங்கள். ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள். வரைபடத்தைத் திரும்ப வாங்கலாம், பாயின்ட்டை எங்கே வாங்குவது?

காசு கொடுத்து வாங்கிய மின்புத்தகம் என்னுடையதா?

பெரும்பாலும் இல்லை. 'வாங்கு' என்று பட்டனில் எழுதியிருக்கும், கீழே ஒப்பந்தத்தில் 'உரிமம்' என்று எழுதியிருக்கும். அதாவது படிக்க அனுமதி, அவ்வளவுதான்.

2009 ஜூலையில் அமேசான், ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலின் பிரதிகளை வாங்கியவர்களின் கிண்டிலுக்குள் புகுந்து அழித்தது. விற்றவருக்கு விற்கும் உரிமை இல்லை என்பது காரணம். காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். ஆனாலும் யோசித்துப் பாருங்கள், நம் வீட்டு அலமாரியிலிருந்து புத்தகக் கடைக்காரர் ராத்திரி வந்து எடுத்துப்போக முடியுமா? 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்புத்தகக் கடையை மூடியது. பூட்டைத் திறந்துவிடும் சர்வர் போனதும் வாங்கியவர்களின் புத்தகம் எல்லாம் போனது. அங்கேயும் பணம் திரும்பியது. ஓரத்தில் எழுதிய குறிப்புகள் திரும்பவில்லை.

இதற்கு நேர்மாறாக ஒன்று. ஃபிளிப்கார்ட் 2012-இல் ஃபிளைட் என்ற பெயரில் பாட்டுக் கடை திறந்து, அடுத்த வருடமே மூடிவிட்டது. ஆனால் அதில் விற்றது பூட்டில்லாத எம்பி3. அன்று காசு கொடுத்து இறக்கிய பாட்டைப் பத்திரமாக வைத்திருந்தால் இன்றைக்கும் எந்தப் போனிலும் ஓடும். இரண்டு இடத்திலும் கடை மூடியது. ஒன்றில் வாங்கியவரிடம் பொருள் மிஞ்சியது, மற்றதில் மிஞ்சவில்லை.

2025 பிப்ரவரி 26 முதல், கிண்டில் புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி யுஎஸ்பி கேபிள் மூலம் ஏற்றும் வசதியையும் அமேசான் எடுத்துவிட்டது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம், உரிமம்தான் விற்கிறோம் என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று 2025-லிருந்து சட்டமாக்கியிருக்கிறது. நம் நாட்டிலும் அப்படி ஒரு விதி வர வேண்டும் என்பது என் ஆசை.

பூட்டை உடைத்தால் ஜெயிலா?

2012 திருத்தத்தில் 65ஏ என்ற பிரிவு வந்தது. பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டைத் தாண்டினால் 2 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. 'மீறும் நோக்கத்தோடு' என்ற சொல்லைக் கவனியுங்கள். சட்டம் தடுக்காத காரியத்துக்காகச் செய்வதையும், பாதுகாப்புச் சோதனை, சங்கேத ஆராய்ச்சி, சட்டப்படியான விசாரணை போன்றவற்றையும் அதே பிரிவு விலக்கி வைத்திருக்கிறது. அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் இதைவிடக் கடுமை. அங்கே நல்ல காரியத்துக்கு என்றாலும், சட்டத்திலேயே உள்ள சில விலக்குகளிலோ மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தரும் விலக்குப் பட்டியலிலோ இருக்க வேண்டும். நம் சட்டத்தை எழுதியவர்கள் இந்த விஷயத்தில் யோசித்து எழுதியிருக்கிறார்கள் என்றே சொல்வேன்.

சரி, அதனால் எல்லாம் செய்யலாம் என்று நினைக்க வேண்டாம். குற்றம் ஆகாவிட்டாலும் கடையின் ஒப்பந்தத்தை மீறியதாகச் சொல்லி உங்கள் கணக்கையே முடக்கலாம். எங்கள் கடையில் பூட்டு உடைக்கும் வேலை செய்வதில்லை.

கண் தெரியாதவர்களுக்கு இந்தப் பூட்டு என்ன செய்கிறது?

படிப்பானை மௌனமாக்கிவிடுகிறது. திரையில் உள்ள எழுத்தை வாசித்துக் காட்டும் சாஃப்ட்வேர், பூட்டிய கோப்புக்குள் நுழைய முடியாமல் பல சமயம் நின்றுவிடும். கண் உள்ளவருக்குப் புத்தகம், இல்லாதவருக்கு வெறும் அட்டை. விலை மட்டும் இருவருக்கும் ஒன்று.

இதில் இந்தியா முன்னால் நின்றிருக்கிறது. 2012 திருத்தமே ஊனமுற்றோருக்காக எந்தப் படைப்பையும் அவர்கள் படிக்கும் வடிவத்துக்கு மாற்றலாம் என்று அனுமதித்தது. பார்வையற்றோருக்கான மராக்கேஷ் உடன்படிக்கை 2013-இல் வந்தபோது, 2014-இல் அதை முதலாவதாக ஏற்று உறுதி செய்த நாடு இந்தியாதான். 2016-இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் சான்றிதழ் காட்டி உறுப்பினராகலாம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது இருந்தால் சொல்லுங்கள். பதிவு செய்யத் தெரியாவிட்டால் கடைக்குக் கூட்டி வாருங்கள், காசு வாங்காமல் செய்து தருகிறேன்.

அப்படியானால் பூட்டே வேண்டாம் என்கிறீர்களா? படம் எடுத்தவர் என்ன ஆவார்?

அவர் வாழ வேண்டும். அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. திருட்டு விசிடி தாங்காமல் தமிழக அரசு 2004-இல் குண்டர் சட்டத்திலேயே வீடியோ திருடர்களைச் சேர்த்தது. தியேட்டரில் கேமரா வைத்துப் படம் பிடித்தால் 2023 ஒளிப்பதிவுச் சட்டத் திருத்தப்படி 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அபராதம் 3 லட்சத்திலிருந்து தொடங்குகிறது. தியேட்டருக்கு வரும் படமும் பூட்டித்தான் வருகிறது. கே.டி.எம். வரவில்லை, முதல் காட்சி தாமதம் என்று ரசிகர்கள் வாசலில் நிற்பார்களே, அந்தக் கே.டி.எம். என்பது சாவிதான். இந்தத் தியேட்டரின் இந்த சர்வரில், இந்தத் தேதி முதல் இந்தத் தேதிவரை என்று எழுதிய சாவி. அது வியாபாரிக்கும் வியாபாரிக்கும் நடுவில் உள்ள பூட்டு, இருவருக்கும் கணக்குத் தெரியும். அதில் எனக்குக் குறை இல்லை.

தமிழ் எழுத்தாளர் நிலைமை இன்னும் பாவம். சில நூறு பிரதி போட்டு விற்கும் பதிப்பகத்தின் புத்தகம், வெளியான வாரமே பிடிஎஃப் ஆகி டெலிகிராமில் சுற்றுகிறது. அனுப்புகிறவர்கள் தமிழுக்குச் சேவை செய்வதாக மனதார நம்புகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த மனிதர் அடுத்த புத்தகம் எழுத வேண்டாமா?

ஆனால் திருடனைப் பிடிக்கப் போட்ட பூட்டு வாங்குபவரைப் பிடிக்கும்போதுதான் கேட்கிறேன். 2005-இல் சோனி பிஎம்ஜி விற்ற சில பாட்டு சிடிகள், கம்ப்யூட்டரில் போட்டதும் யாருக்கும் தெரியாமல் தன்னை ஒளித்துக்கொள்ளும் சாஃப்ட்வேரை உள்ளே வைத்தன. அந்த ஓட்டை வழியாக வைரஸ் நுழைய முடிந்தது. திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதே பாட்டுத் துறைதான் 2009-இல் ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடையில் பூட்டை எடுத்துவிட்டு விற்க ஒப்புக்கொண்டது, வியாபாரம் நின்றுபோகவில்லை. நியாயமான விலை, வாங்குவதற்குச் சுலபமான வழி இரண்டும் இருந்தால் நம் மக்கள் காசு கொடுக்கிறார்கள். கடையில் உட்கார்ந்து தினமும் பார்க்கிறேன்.

கல்யாண வீடியோவில் சினிமாப் பாட்டு வந்ததற்கு யூடியூப் சத்தத்தை நிறுத்திவிட்டது. கல்யாணத்துக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு என்றார்களே?

உண்டு. 52-ஆம் பிரிவில், மதச் சடங்குகளிலும் அவற்றோடு சேர்ந்த கல்யாண ஊர்வலம், கொண்டாட்டங்களிலும் பாட்டுப் போடுவது மீறல் இல்லை என்று இருக்கிறது. மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக ஊக்குவிப்புத் துறை 2023 ஜூலை 24-இல் இதை விளக்கி அறிவிப்பும் போட்டது. அது கல்யாண மண்டபத்தில் பாட்டுப் போடுவதற்கு. வீடியோவை யூடியூபில் ஏற்றுவது வேறு காரியம்.

யூடியூபில் 2007-லிருந்து கன்டென்ட் ஐடி என்ற மெஷின் இருக்கிறது. கம்பெனிகள் கொடுத்த பாட்டின் கைரேகையை வைத்து, ஏறும் வீடியோ ஒவ்வொன்றையும் ஒப்பிடும். லிங்க் உள்ளவர் மட்டும் பார்க்கும்படி அன்லிஸ்டட் என்று போட்டாலும் ஒப்பிடும். நிக்காஹ் என்றோ முகூர்த்தம் என்றோ அதற்குத் தெரியாது. வெளிநாட்டிலிருக்கும் மாப்பிள்ளையின் அண்ணன் பார்ப்பதற்காக நேரலை போடுகிறீர்கள் என்றால், தாலி கட்டும் நேரத்தில் சினிமாப் பாட்டை நிறுத்தி நாதஸ்வரத்தை வாசிக்கச் சொல்லுங்கள். வீடியோ எடிட் செய்யும் தம்பிகளுக்கும் இதைத்தான் சொல்கிறேன்: பாட்டுச் சேர்த்த பிரதியைப் பென் டிரைவில் கொடுங்கள், நெட்டுக்குப் போகும் பிரதியில் அங்கே கேட்ட பேச்சும் சிரிப்பும் இருக்கட்டும்.

எங்கள் தாத்தா பாடிய அம்பாப் பாட்டைப் போட்டேன். ஏதோ கம்பெனி உரிமை கேட்கிறது. இது என்ன அநியாயம்?

அநியாயம்தான். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டை எழுதியவர் யார் என்று யாருக்கும் தெரியாது. தலைமுறை தலைமுறையாகக் கயிறோடு சேர்ந்து வந்தது. பாட்டுக்குச் சொந்தக்காரர் கிடையாது. நீங்கள் போனில் எடுத்த ஒலிப்பதிவுக்குச் சொந்தக்காரர் நீங்கள், பாடியவர் என்ற முறையில் தாத்தாவுக்கும் உரிமை உண்டு. யாராவது அதே மெட்டை ஆல்பத்தில் சேர்த்து, ஆல்பம் முழுவதையும் கன்டென்ட் ஐடியில் பதிந்திருந்தால் மெஷின் மெட்டைப் பார்த்து ஏமாந்துவிடும்.

பயப்படாமல் மறுப்புப் போடுங்கள். வருவது 'கிளைம்' (உரிமை கோரல்) மட்டும் என்றால் சேனலுக்கு ஆபத்து இல்லை, விளம்பரக் காசுதான் அந்தப் பக்கம் போகும். மறுத்தால் எதிர்த் தரப்புக்கு 30 நாள் அவகாசம். பதில் வராவிட்டால் கிளைம் விழுந்துவிடும். 'ஸ்ட்ரைக்' (பதிப்புரிமை மீறல் எச்சரிக்கை) என்று வந்தால்தான் விஷயம் பெரிது. 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் வந்தால் சேனலே போய்விடும். மறுப்பில் சுருக்கமாக எழுதுங்கள்: மரபுப் பாடல், எழுதியவர் தெரியாது, இந்தப் பதிவை இந்தக் கடற்கரையில் இந்தத் தேதியில் நானே எடுத்தேன். போனில் உள்ள மூலக் கோப்பை அழிக்காதீர்கள், அதில் தேதி இருக்கிறது. பல பேர் கம்பெனிப் பெயரைப் பார்த்ததும் மிரண்டு வீடியோவை எடுத்துவிடுகிறார்கள். தாத்தாவின் குரலை எடுத்துவிடாதீர்கள்.

என் மீன் வீடியோவை வேறு ஒருவர் திருடிப் போட்டிருக்கிறாரே?

பதிவு செய்யாவிட்டாலும் எடுத்த நிமிஷத்திலிருந்து உரிமை உங்களுடையது. தளத்தில் உள்ள பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தை நிரப்புங்கள், இரண்டு வீடியோவின் லிங்க்கும் தேதியும் வேண்டும். நம் சட்டப்படி புகார் பெற்ற தளம் 36 மணி நேரத்தில் நடவடிக்கை எடுக்க வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு கொண்டுபோகாவிட்டால் திரும்பத் திறந்துவிடலாம்.

பிரிண்டர் கேட்ரிட்ஜில் மை ஊற்றினால் ஏற்க மாட்டேன் என்கிறதே, அதுவும் இதுதானா?

அதற்கு உறவுக்காரப் பூட்டு. கேட்ரிட்ஜில் ஒரு சிப் இருக்கிறது. அமெரிக்காவில் லெக்ஸ்மார்க் கம்பெனி இந்தச் சிப்பைக் காக்கப் பதிப்புரிமைச் சட்டத்தையே கொண்டுபோனது, 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. மை விற்கப் பதிப்புரிமையா? டேங்க் வைத்த பிரிண்டர் வாங்குங்கள்.

பூட்டில்லாமல் தமிழில் எங்கே படிக்கலாம்?

1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய இலக்கியங்களைத் தன்னார்வலர்களின் தட்டச்சில் இலவசமாக வைத்திருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சுப் புத்தகங்கள் ஏராளம். அரசு உரிமையாளர்களுக்குப் பணம் கொடுத்து நாட்டுடைமை ஆக்கிய நூல்கள் பாரதியில் தொடங்கி நிறைய உண்டு. அவற்றை நீங்களே அச்சடித்து விற்கலாம், யாரும் கேட்க முடியாது. எழுத்தாளர்களே விருப்பப்பட்டுப் பொது உரிமத்தில் கொடுத்த நூல்களுக்கு ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம். புதுப் புத்தகம் என்றால் காகிதப் புத்தகமே வாங்குங்கள். படித்துவிட்டுத் தங்கைக்குக் கொடுக்கலாம்.

உங்கள் கடையில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருவீர்களா?

மாட்டோம். கேசட் காலத்தில் இலங்கை வானொலியில் கேட்ட பாட்டைத் தாளில் எழுதிக் கொடுத்தால் ரெக்கார்டிங் சென்டரில் பதிந்து தருவார்கள், பிறகு அதுவே மெமரி கார்டு வியாபாரமாக மாறியது. உரிமை இல்லாமல் விற்பது 63-ஆம் பிரிவில் குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

உங்களுடைய சொந்தப் பதிவுகளைக் கொண்டுவந்தால் மாற்றித் தருகிறோம். முன்பெல்லாம் வளைகுடாவுக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். போன வருடம் கீழக்கரையிலிருந்து ஒரு லாத்தா (அக்கா) அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார், முப்பது வருடத்துக்கு மேல் பீரோவில் இருந்தது. நாடா ஒட்டிக்கொண்டிருந்தது. பென்சிலை விட்டு மெதுவாகச் சுற்றி, அழுத்தும் பஞ்சை மாற்றி, பிளேயரில் போட்டேன். முதலில் ஏசி மெஷினின் இரைச்சல், பிறகு ஒரு ஆள் தொண்டையைச் செருமிக்கொண்டு பிள்ளைகள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூப்பிட்டார். எந்த சர்வரும் எதையும் கேட்கவில்லை. எம்பி3 ஆக்கி மூன்று பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன், மூன்று பிள்ளைகளுக்கும்.

அப்படிக் கேசட் வைத்திருப்பவர்கள் மழைக்காலத்துக்கு முன்னால் கொண்டுவாருங்கள். நம் கடல் காற்றுக்கு நாடாவில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கிறது. வரும்போது பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்தால் நல்லது.